எந்தச் செயலிக்கு முதலிடம்?

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் நம் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற மாதம் கிளைக்கு வந்தபோது கையில் ஓர் அச்சுத் தாளை வைத்திருந்தார். காணொலிச் சந்திப்புக்கான பத்துச் செயலிகளைத் தரவரிசைப்படுத்திய அட்டவணை அது. “சார், முதலிடத்தில் இருப்பதற்கே சந்தா கட்டிவிடலாமா?” என்று கேட்டார். அவருக்கு ஓசூரில் ஆர்டர் தரும் நிறுவனம் ஒன்று. கோவையில் வார்ப்பு அனுப்புபவர் ஒருவர். வாரந்தோறும் இருவருடனும் பேச வேண்டும். முந்திய வாரம் விலை பேசிக்கொண்டிருந்த நடுவிலேயே இலவசக் கணக்கின் நேரம் முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது. மிச்சத்தைக் குரல் பதிவுகளில் பேசி முடித்தார்கள். சரக்கு வந்து இறங்கியபின்தான் லாரி வாடகை யார் கணக்கு என்ற தகராறு எழுந்தது.

அந்த அட்டவணையை நாமும் படித்துப் பார்த்தோம். ஆயிரம் பேர் கலந்துகொள்ளும் வசதிக்கு இத்தனை மதிப்பெண், பின்னணிப் படத்தை மாற்றும் வசதிக்கு இத்தனை என்று போட்டிருந்தார்கள். நம் வாடிக்கையாளரின் கூட்டத்தில் கூடுவோர் ஐந்து பேர். நான்கு பேர் உட்கார்ந்து பேசுவதற்குக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பானேன்?

சிறுதொழில் நடத்துவோரின் கண்கொண்டு பார்த்தால் வரிசை வேறுவிதமாக அமையும் என்பது நம் கருத்து. இலவசக் கணக்கில் மூவருக்கு மேற்பட்டோர் கூடும்போது ஜூம் 40 நிமிடமும், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இரண்டும் 60 நிமிடமும் தருகின்றன. மூன்றிலும் 100 பேர் வரை சேரலாம். விலை பேசும் கூட்டத்தில் அந்த இருபது நிமிட வேறுபாடு சிறியதன்று. கூகுள் மீட்டுக்கே நாம் முதலிடம் தருவோம். கணினியில் எதையும் நிறுவாமல் இணைப்பைச் சொடுக்கினால் உலாவியிலேயே திறந்துகொள்ளும். எதிர்முனையில் இருப்பவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அலுவலகக் கணக்குவழக்குக்கு ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் சந்தா கட்டுவோர், அதில் டீம்ஸும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம். பலரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி தருவோருக்கு ஜூம் பொருந்தும். சோஹோ புக்ஸில் கணக்கு எழுதுவோருக்குச் சென்னை நிறுவனத்தின் சோஹோ மீட்டிங் இயல்பாக அமையும். வெபெக்ஸ் பெருநிறுவனங்களின் சமாசாரம். அன்றாடப் பேச்சுக்கு வாட்ஸ்அப் காணொலி அழைப்பே போதும். அதில் 32 பேர் வரை சேரலாம், திரையையும் பகிரலாம்.

இவ்வளவு சொன்னபின் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சமயங்களில் தேர்வு நம் கையில் இல்லை. ஆர்டர் தருபவர் எந்த இணைப்பை அனுப்புகிறாரோ அதில்தான் சப்ளை செய்பவர் நுழைந்தாக வேண்டும். நாமே கூட்டும் கூட்டத்துக்கு மட்டுமே இந்த வரிசை பயன்படும். உள்நாட்டுச் செயலிகள் பரவலாகாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறோம். 2020 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்தியக் காணொலிச் செயலிக்கான போட்டியை அறிவித்தது. ஆகஸ்டில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியா நிறுவனத்தின் வீகன்சோல் வென்று 1 கோடி ரூபாய் பரிசு பெற்றது. சிறப்புப் பாராட்டு பெற்ற மூன்று நிறுவனங்களுள் சென்னை நிறுவனம் ஒன்றும் உண்டு. நம்மிடம் வரும் வாடிக்கையாளருள் எத்தனை பேர் இவற்றின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் இன்றும் ஜூமைத்தான் சுட்டுகிறார்கள். அச்செயலி பாதுகாப்பானதன்று என்று 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது மெய்யே. அதன்பின் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இயல்பாகவே இயங்கும்படி அந்நிறுவனம் மாற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் முனைக்கு முனை மறையாக்கத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அந்த மறையாக்கத்தை நாமே இயக்க வேண்டும். இயக்கினால் மேகக் கணினியில் பதிவு செய்யும் வசதி கிடைக்காது. 2023 டிசம்பரில் நம் பெங்களூரிலேயே கர்நாடக உயர் நீதிமன்றத்தின் காணொலி விசாரணைக்குள் விஷமிகள் புகுந்து ஆபாசக் காட்சிகளை ஓடவிட்டதும், காணொலி விசாரணையையே தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். யாரும் வந்து போகக்கூடிய நீதிமன்றத்துக்கு அது சங்கடமான நிலை. ஐந்து பேர் கூடும் பட்டறைக் கூட்டத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. காத்திருப்பு அறையில் நிற்பவரை முகம் பார்த்து உள்ளே விட்டு, அனைவரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டிவிடலாம்.

முகம் பார்த்து என்றோம். அதிலும் இப்போது ஒரு சிக்கல் வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர், காணொலிக் கூட்டத்தில் நிதித் தலைமை அதிகாரியும் சக ஊழியர்களும் சொன்னதை நம்பி, 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் தோன்றிய முகங்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை. எனவே கூட்டத்தில் யாரேனும் “எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது” என்று சொன்னால், கூட்டம் முடிந்தபின் நம்மிடம் பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்டுவிட வேண்டும். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் மூலம் பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்க்கும் வசதியை, 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தித் தருமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்த அரை நிமிடம்கூட ஆகாது.

வங்கியே காணொலியில் பேசுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பேசுகிறோம். காணொலி வழியே வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2021 மே மாதம் விதிகளை விரிவாக்கியது. ஆனால் அதை மேற்சொன்ன பொதுச் செயலிகளில் செய்வதில்லை. அழைப்பு வங்கியின் சொந்தப் பாதுகாப்பு வலையமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருப்பதை இருப்பிடக் குறியீடு காட்ட வேண்டும். பதிவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும். தணிக்கை முடிந்த பிறகே கணக்கு நடைமுறைக்கு வரும். ஆகவே வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாட்ஸ்அப் காணொலியில் ஆதாரையும் பான் அட்டையையும் காட்டச் சொன்னால் அவர் நம்மவர் அல்லர். காவல்துறைச் சீருடையில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவோருக்கும் இது பொருந்தும். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

வணிகவியல் படித்தவர்களின் வழக்கப்படி பில்லைப் பற்றியும் ஒரு சொல். சந்தாவை வாங்கும்போது நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்க மறந்தால், கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது. அட்டையில் மாதாமாதம் பணம் எடுக்க அனுமதி தந்திருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு மறந்துபோன செயலிக்கு ஆண்டுக்கணக்கில் பணம் போய்க்கொண்டிருப்பதை நம் கிளையிலேயே பார்த்திருக்கிறோம். அந்தச் செய்தியைப் படித்திருந்தால் அவ்வப்போதே நிறுத்தியிருக்கலாம்.

லேத் பட்டறைக்காரர் எந்தச் சந்தாவும் வாங்கவில்லை. கூகுள் மீட்டின் இலவசக் கணக்கிலேயே பேசுகிறார். பேசி முடித்ததும் விலை, லாரி வாடகை, தவணைத் தேதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி இரு தரப்புக்கும் அனுப்பிவிடுகிறார். செலவு என்று பார்த்தால், எஸ்.பி. சாலையில் ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்செட் ஒன்று வாங்கியதுதான். இப்போது லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இவர் சொல்லும் விலை கோவைக்காரருக்குத் தெளிவாகக் கேட்கிறதாம்.