சோற்றுக்கு ஒரு படிப்பா?

“சோறாக்கக் கற்றுக்கொள்ள ஒரு காலேஜா, அதற்கு ஒரு பட்டமா?” என்று ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் பரிகாசம் செய்வதாகத் தெரிகிறது. சோறாக்குவது வேறு, அந்தச் சோறு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று அறிவது வேறு என்பதை இவர்கள் உணரவில்லை. தோலை ஊறவைக்கிறவனுக்கும் தோலின் இரசாயனம் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் டேனரி முதலாளிக்கு நன்றாய்த் தெரியும். தெரிந்துதான் பின்னவனுக்கு அதிகச் சம்பளம் கொடுக்கிறார். உணவு விஷயத்தில் மாத்திரம் அந்தப் புத்தி வேலை செய்யாமற் போவானேன்? பெண்கள் செய்கிற காரியமாயிற்றே, அதில் அறிவு எங்கே இருக்கப் போகிறது என்கிற எண்ணந்தானே? (ஆண்களும் இதைப் படிக்கலாம், படிக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.) பெண்ணுக்கு வைத்தியப் படிப்பா என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1918-ல், இடா ஸ்கட்டர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி தொடங்கினார். இன்று அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் இந்தப் பெரியவர்களும் ஓடுகிறார்கள்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தச்சோகை. ஷூ கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் ஒரு பெண் மயங்கி விழுந்தால், காற்றுப் பட்டது என்று தாயத்துக் கட்ட ஆள் இருக்கிறது. அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராதபடி தடுக்கிறது. நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவை சேரும்படி செய்கின்றன. ஈரலிலும் மாமிசத்திலும் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடச் சுலபமாய்ச் சேருகிறது. காசு செலவில்லாத இந்தச் சங்கதியைச் சொல்ல எந்தச் சாமியாடிக்குத் தெரியும்?

இந்தப் படிப்பு நமக்கு அந்நியமானதுமல்ல. நமது நீலகிரிக் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைச் சிறிய அளவில் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய உணவூட்ட ஆராய்ச்சிக் கழகமாக இருக்கிறது. அவர் செய்த ஒரு பரீட்சையை நமது தோழர்கள் ஊர்தோறும் சொல்லவேண்டும். ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பிடும் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி. மற்றொன்றுக்கு நம் பக்கத்துத் தீட்டிய அரிசிச் சோறு. இப்படியே பல மாகாணத்துச் சாப்பாடு. முதற்கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது. நம் சோற்றைத் தின்ற எலி சோனியாய் நின்றது. வீர ஜாதி, சூர ஜாதி, பிறவியிலேயே சோப்ளாங்கி ஜாதி என்று பேசியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்? எலிக்கு ஏது வருணாசிரமம்? அவற்றின் தட்டு வேறாயிற்று, அதனால் உடம்பு வேறாயிற்று. இதைவிட நல்ல சுயமரியாதைப் பிரசங்கம் நமக்கும் செய்யத் தெரியாது.

இவ்வளவு அறிவுள்ள சாஸ்திரத்திலும் புரோகிதம் நுழையப் பார்க்கிறது. முட்டை தாமசம், மாமிசம் இராஜசம், தயிர்ச்சோறு சாத்வீகம் என்று சொல்லுகிறவர்கள் இன்று ‘டயட்’ என்ற பெயரில் வருகிறார்கள். சைவம் சாப்பிடுவது அவரவர் இஷ்டம். பால், பருப்பு முறையாய்ச் சேர்த்தால் அதிலும் குறைவின்றி வாழலாம். ஆனால் மலிவாய்க் கிடைக்கிற மாட்டுக்கறியை உண்டு உழைக்கிற பேரணாம்பட்டுக் கூலியாளுக்கு, அந்தப் பேச்சே இல்லாத உணவுச் சீட்டு எழுதிக் கொடுப்பது வைத்தியமா, ஜாதியா? வைட்டமின் பி12 என்ற சத்து இயற்கையில் பிராணிகளிடமிருந்து வரும் உணவில்தான் உண்டு என்பதை அந்தச் சீட்டு மறைக்கிறதே! ஆகவேதான் அந்தச் சீட்டு எழுதும் நாற்காலியில் தோல் தொழிலாளி வீட்டுப் பெண்ணும் உட்காரவேண்டும் என்கிறோம்.

அதற்கு வழி, மூன்று வருஷம் பி.எஸ்ஸி., பிறகு எம்.எஸ்ஸி. அல்லது டிப்ளமா, ஆஸ்பத்திரியில் பயிற்சி. 2021-ல் செய்த சட்டம் உணவியல் நிபுணரையும் மருத்துவத் துணைத் தொழிலாளராக அங்கீகரித்திருக்கிறது. அதைக் காரணங்காட்டிப் பல்கலைக்கழக மானியக் குழுவார், 2025 ஜூலை பருவம் முதல் இந்தப் படிப்பைத் தபாலிலும் இணையத்திலும் நடத்தக்கூடாதென்று உத்தரவிட்டார்கள். நோயாளியைக் கண்ணால் பாராமல் பட்டம் வாங்குவது ஆபத்து என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் தபால் கதவை மூடினவர்கள் வேறு கதவைத் திறந்தார்களா? கம்பெனி பஸ்ஸில் இருட்டியபின் வீடு சேருகிற பெண், காலை பத்து மணி வகுப்புக்கு எப்படிப் போவாள்? சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சர்க்காரும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் மாலை வகுப்பு ஏற்படுத்தவேண்டும். செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வைத்துக்கொள்ளட்டும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வைக்கும்படி செய்தது. 2020-ல் இயற்றிய சட்டம் அதை 100 பேராகக் குறைத்தது. அந்தக் கேண்டீனில் என்ன வேகவேண்டும் என்று கணக்கிட, படித்துவரும் இந்தப் பெண்களில் ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுக்க எத்தனை பேர் தயார்?