கன்று வீசிய தொழுவத்தில் கையுறை கட்டாயம்

ஏழு மாதச் சினைப் பசு கன்று வீசிவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை என்று அழைப்பு வருகிறது. அவசரத்தில் கையுறை இல்லாமலே கையை விட்டு எடுக்கும் பழக்கம் நம் கால்நடை மருத்துவத் துறையில் இன்னும் ஒழியவில்லை. சில வாரங்களில் அப்படி எடுத்தவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி. டைபாய்டு என்றும் காசநோய் என்றும் மருந்து மாறுகிறதே தவிர, புருசெல்லா என்ற கிருமி யார் நினைவுக்கும் வருவதில்லை.

இந்தக் கிருமியை 1887-இல் மால்டாவில், இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் பிரித்தெடுத்தார். அது வந்த வழி தெரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்வைக்கு நல்ல நிலையில் இருந்த ஆடுகளே அதைச் சுமந்து திரிந்ததைத் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் கண்டறிந்தார். ஆட்டுப்பாலை நிறுத்தியதும் படைவீரர்களிடையே நோய் சரிந்தது.

நோய் எதிர்ப்பு அமைப்பை உசுப்பாமல் உள்ளே நுழைவதுதான் புருசெல்லாவின் பலம். கிராம் நெகட்டிவ் கிருமிகள் பலவற்றின் மேலுறையில் உள்ள லிப்பிட் ஏ-யை நம் செல்களின் டிஎல்ஆர்4 ஏற்பி உடனே அறிந்துகொள்ளும். புருசெல்லாவின் லிப்பிட் ஏ-யிலோ கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மிக நீளம்; ஏற்பிக்கு அது சரிவரப் பிடிபடுவதில்லை. மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல் விழுங்கிய பின், கிருமியைச் சுற்றியுள்ள பை அமிலமாகிறது, பல கிருமிகள் அங்கேயே சாகின்றன. தப்பியவை அந்த அமிலத்தையே தூண்டலாகக் கொண்டு விர்பி என்ற நான்காம் வகைச் சுரப்பு அமைப்பை இயக்குகின்றன. அது செலுத்தும் புரதங்கள் பையை லைசோசோமின் பக்கம் விடாமல் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குத் திருப்புகின்றன. ஆன்டிபாடி எட்டாத அந்த இடத்தில் கிருமி பெருகுகிறது. டாக்சிசைக்ளினுடன் இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு வாரம் கொடுப்பது இதனால்தான். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

செல்லுக்குள் புகுந்த பின் விரட்டுவது கடினம் என்பதால், புகாமல் தடுப்பதே நம் வேலை. நாட்டின் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 முதல் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட வழி செய்திருக்கிறது. அந்தத் தடுப்பூசியில் இருக்கும் எஸ்19 உயிருள்ள கிருமி. ஊசி தவறிக் கையில் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கன்று வீச்சு எதுவானாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை புருசெல்லா என்றே நடத்துங்கள். முழங்கை தாண்டிய கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே உங்கள் தொழிலைச் சொல்லிவிடுங்கள். ரத்தம் கல்ச்சருக்குப் போகும்போது ஆய்வகத்துக்கும் சந்தேகத்தைத் தெரிவியுங்கள். அங்கே இந்தக் கிருமி காற்றிலேயே தொற்றும்.