சிறுத்தைப் புள்ளியும் சிறிய வீடும்

நம் பெருநகரங்களில் வசதி படைத்த குடும்பத்தாரிடையே சில காலமாகப் பெங்கால் என்னும் பூனை ஜாதியின்மீது ஒரு மோகம் பரவியிருக்கிறது. பொன்னிற ரோமத்தில் கருவளையப் புள்ளிகளும், வெயில் பட்டால் மினுமினுக்கும் முதுகும், காட்டு மிருகத்தின் சாயல் மாறாத நடையும் கொண்ட அப்பிராணியைக் கண்டவர்கள், எவ்வளவு விலை கொடுத்தேனும் ஒரு குட்டியை வாங்கி வந்து கூடத்தில் உலவவிட ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் குட்டி வளர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள், “திரைச்சீலையைக் கிழிக்கிறது, இரவெல்லாம் கத்துகிறது, யாராவது அழைத்துச் செல்லுங்கள்” என்று அதைக் கைமாற்றிவிடுகிறவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். இதில் பழி முழுவதையும் பூனையின் தலையில் சுமத்துவது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஜாதி இயற்கையில் தானாகத் தோன்றியதன்று. ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு இணைத்து 1963-இல் ஒரு கலப்புக் குட்டியைப் பெற்றார். பின்னர், பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்வதற்காக வில்லார்ட் சென்டர்வால் என்ற விஞ்ஞானி உண்டாக்கியிருந்த கலப்புப் பூனைகள் சிலவற்றை வாங்கி அம்முயற்சியைத் தொடர்ந்தார். 1982-இல் டெல்லி மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகத்தின் அடைப்புக்கருகே திரிந்துகொண்டிருந்த புள்ளிப் பூனையொன்று அவர் கண்ணில் பட்டு, அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்து, இந்த வம்சத்தின் மூதாதைகளில் ஒன்றாயிற்று. இன்றைய பெங்கால்களின் உடம்பில் நம் நாட்டுத் தெருப்பூனையின் இரத்தமும் ஓடுகிறது என்பதை, அந்நிய நாட்டுச் சரக்கென்று பெருமை பேசுவோர் அறிந்துகொள்வது நலம். காட்டு மூதாதையிடமிருந்து நான்கு தலைமுறை தள்ளிப் பிறந்ததையே வீட்டுப் பூனை என்று பூனை ஜாதிகளைப் பதிவுசெய்யும் சங்கத்தார் ஏற்கிறார்கள். அந்த மூதாதையான சிறுத்தைப் பூனையோ நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்வது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றிருப்பதால், அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

இந்த வம்சத்தை வளர்த்தவர்கள் தலைமுறைதோறும் புள்ளியின் அழகைப் பார்த்தார்கள். மனிதனைக் கண்டு மிரளாத குணத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பகல் முழுவதும் சும்மா கிடக்கும் குணத்தை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே மடியில் வந்து உட்காரும் அளவுக்கு அது சாதுவாகியிருக்கிறதே ஒழிய, அதன் தசையும் புலனும் வேட்டைக்காரனுடையவையாகவே இருக்கின்றன. ஒரு பெரிய இரையை அடித்துத் தின்றுவிட்டு நாள் முழுதும் படுத்திருக்கும் சிங்கத்தின் சுபாவம் பூனைக்குக் கிடையாது. எலி, பல்லி, தத்துக்கிளி என்று சிறு சிறு இரைகளை ஒரே நாளில் பல தடவை தேடிப் பிடிக்கவேண்டிய ஜீவன் அது. விடியலும் அந்தியுமே அதற்குச் சுறுசுறுப்பான நேரங்கள். வீட்டார் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு உத்தியோகத்துக்குப் போய், இரவு களைத்துத் திரும்பிப் படுக்கையில் சாயும்போது, பகலெல்லாம் உறங்கி எழுந்த பெங்கால் அலமாரியின் உச்சிக்குத் தாவி அங்கிருந்து அவர்கள் வயிற்றின்மேல் குதிக்குமானால், அதைச் சேஷ்டை என்று வைவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதற்குப் பரிகாரம் அடியோ அதட்டலோ அன்று; வேட்டைக்கு ஈடான வேலையைக் கொடுப்பதேயாகும். குச்சியின் முனையில் கட்டிய இறகை நாற்காலிக் காலுக்குப் பின்னால் மெல்ல இழுத்து, பாதி மறைத்து, ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள்: கண்மணி விரிந்து கண் முழுவதும் கறுக்கிறது, தாடை தரையோடு தாழ்கிறது, பின்னங்கால்கள் மாறி மாறி மிதிக்க, இடுப்பு மட்டும் இருபுறமும் அசைகிறது, அதன் பிறகே பாய்ச்சல். நம்மவரில் பலர் இறகைப் பூனையின் மூக்குக்கு நேரே ஆட்டிவிட்டு, “இதற்கு விளையாடத் தெரியவில்லை” என்கிறார்கள். எந்த எலியும் பூனையின் முகத்தில் தானே வந்து மோதியதில்லை அல்லவா! பத்து நிமிஷம் இவ்வாறு ஓடவிட்டு, கடைசியில் இறகைப் பிடிக்கவும் கவ்வவும் விட்டு, உடனே உணவு வைத்தால், அது தின்று, மேனியை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, உறங்கிவிடும். காலையும் மாலையும் இது தவறாமல் நடக்கவேண்டும். லேசர் ஒளியைச் சுவரில் ஓடவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லாததால் பூனைக்கு ஏக்கமே மிஞ்சும். விளையாட்டு முடிந்ததும் நூலையும் ரிப்பனையும் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

உயரத்தில் ஏறி உட்காரச் சுவர்ப் பலகைகள் வேண்டும். பெங்கால்களில் பலவற்றுக்குத் தண்ணீரில் விருப்பம் அதிகமாதலால், குழாயடியில் உட்கார்ந்து சொட்டும் நீரை முன்னங்காலால் தட்டுவதற்கும் அனுமதி தரவேண்டியதுதான். பால்கனிக்கு வலை அடிக்காத மாடிக் குடியிருப்பில் இதை வளர்ப்பது, என் எண்ணத்தில், பொறுப்பற்ற காரியம். புறாவைக் கண்டால் அது கைப்பிடிச் சுவரின் உயரத்தை யோசிக்காது. வெளிக்காற்று வேண்டுமென்றால் மார்க்கச்சை கட்டி, குட்டிப் பருவம் முதலே கயிற்றில் நடக்கப் பழக்கலாம்.

உணவு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பாலும் தயிர்சாதமும் வைத்துப் பூனை வளர்த்த பாட்டிமார்களின் வழக்கம் செல்லுபடியானதற்குக் காரணம், அந்தப் பூனைகள் மிச்சத்தைக் கொல்லைப்புறத்தில் தாமே வேட்டையாடிக்கொண்டதுதான். பூட்டிய வீட்டிலுள்ள பூனைக்கு மாமிசம் கட்டாயம். அதிலுள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இருதயமும் கெடும். வீட்டில் மாமிசத்துக்கு இடம் தராத ஆசாரமுள்ளவர்கள் வேறு பிராணியை நினைப்பதே உத்தமம்.

நாய்களைப் பெருக்கி விற்போருக்கு மத்திய அரசு 2017-இல் தனி விதிகள் வகுத்தது. பூனைகளைப் பெருக்குவோருக்கு அதற்கு ஈடான விதிகள் இன்னும் வராதது பெருங்குறை. வரும்வரையில், எச்சரிக்கை வாங்குகிறவரைச் சார்ந்ததாகவே இருக்கிறது. இந்த ஜாதியில் பரம்பரையாக வரும் ஒருவகை இரத்தசோகைக்கும், இளமையிலேயே பார்வையைப் பறிக்கும் ஒரு நோய்க்கும் மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. தாய் தந்தை இரண்டுக்கும் அச்சோதனை செய்த சான்றைக் கேட்கவேண்டும். தாய்ப் பூனையை நேரில் பார்க்கவேண்டும். நம் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் விலையை மட்டும் பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடலாம். திரும்பும் வழியில், காப்பகமொன்றில் வயது முதிர்ந்த, சாந்தமான நாட்டுப்பூனை ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது.