நெருப்புக்கு என்ன ரகசியம்?

ஒட்டுக் கேட்பது கெட்ட பழக்கம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அமெரிக்காவில் அதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள் பல ஆயிரம் பேர். அவர்கள் கேட்பது பக்கத்து வீட்டுச் சண்டையை அல்ல, உள்ளூர் தீயணைப்புத் துறையின் வயர்லெஸ் பேச்சை. இந்த வாரம் நான் அவர்கள் கட்சி.

அவர்களுடைய கருவிக்கு ஸ்கேனர் என்று பெயர். கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. நம்ம ஊர் தீயணைப்புத் துறை எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. அதில் திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. அங்கே ஊர் தீயணைப்புத் துறையானாலும் எஃப்.சி.சி. என்ற மத்திய ஆணையத்திடம் உரிமம் வாங்கித்தான் வயர்லெஸ் வைக்க முடியும். எங்கே டவர், எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்பதெல்லாம் அந்த உரிமத்தில் இருக்கும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஊர்ப் பெயரைத் தட்டினால் பட்டியல் வந்து விழும்.

ஆனால் எது தினமும் பேசுகிற சேனல், எது சும்மா கிடக்கிற சேனல் என்று பட்டியல் சொல்லாது. அதற்குத்தான் பொறுமை வேண்டும். எண்களை ஸ்கேனரில் ஏற்றி, நாள்கணக்கில் காது கொடுத்து, 'இது வண்டியை அனுப்பும் சேனல், இது தீப்பிடித்த இடத்தில் வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சேனல்' என்று பிரித்து எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இது சட்ட விரோதம் இல்லையா? இல்லை. பொதுமக்கள் எளிதில் கேட்கக்கூடிய போலீஸ், தீயணைப்பு வயர்லெஸ்ஸைக் கேட்பது குற்றமல்ல என்று 1986-ல் வந்த மத்தியச் சட்டமே சொல்கிறது. செல்போன் பேச்சைக் கேட்டால்தான் குற்றம். காரில் ஸ்கேனர் வைத்துக்கொள்ள நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் காதுகளை அடைக்கும் வேலை நடக்கிறது. வயர்லெஸ் பேச்சை டிஜிட்டலாக்கி, சங்கேதப் பூட்டுப் போட்டுவிட்டால், சாவி உள்ள ரேடியோவில் மட்டும்தான் கேட்கும். மற்ற எல்லோருக்கும் வெறும் இரைச்சல். நியூயார்க் போலீஸ் 2023-ல் பூட்ட ஆரம்பித்தது. சில ஊர்களில் போலீஸோடு சேர்த்துத் தீயணைப்புத் துறைக்கும் பூட்டு. போலீஸுக்காவது திருடன் கேட்டுவிடுவான் என்று ஒரு சாக்கு இருக்கிறது. நெருப்பு என்ன ஸ்கேனர் வைத்துக்கொண்டா ஓடி ஒளியப் போகிறது?

அதிகாரிகள் சொல்லும் காரணம், நோயாளிகளின் அந்தரங்கம். நியாயமான கவலைதான். அங்கே ஆம்புலன்ஸ் வேலையையும் பெரும்பாலும் தீயணைப்புத் துறையே பார்க்கிறது. ஆனால் அதற்கு ஊரையே செவிடாக்க வேண்டுமா? கலிஃபோர்னியா நீதித்துறை 2020-ல் போலீஸுக்கு அனுப்பிய உத்தரவிலேயே இரண்டு வழி சொன்னது: பூட்டுங்கள், அல்லது தனிநபர் விவரங்களைத் திறந்த சேனலில் பேசாதீர்கள். பாலோ ஆல்டோ நகரப் போலீஸ் 2021-ல் பூட்டியது, 2022-ல் திறந்துவிட்டது. போலீஸாலேயே முடியும் என்றால் தீயணைப்புத் துறைக்கு என்ன கஷ்டம்?

இன்னொரு சங்கதி. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். தீ பெரிதானால் பக்கத்து ஊர் வண்டிகளும் வரும். எல்லா ரேடியோவிலும் ஒரே சாவி ஏற்றியிருக்க வேண்டும். ஒருவர் ரேடியோவில் அது விட்டுப்போயிருந்தால், 'உடனே வெளியே வா' என்ற கட்டளை அவர் காதில் விழாது. இந்த ஆபத்து எஃப்.சி.சி.க்குத் தெரியாததல்ல. 700 மெகாஹெர்ட்ஸில் நாடு முழுக்க உதவிக்கு அழைப்பதற்கென்று ஒதுக்கிய சேனல்களில் பூட்டே கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

'மக்களுக்குச் சொல்ல வேண்டியதை நாங்களே சொல்லிவிடுவோம்' என்கிறார்கள். சொன்ன லட்சணத்தைப் பார்த்தோமே! 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தது. 85 பேர் செத்தார்கள். பலருக்கு 'வெளியேறுங்கள்' என்ற எச்சரிக்கையே வந்து சேரவில்லை. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா எரிந்தபோது அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். நெருப்பு எந்தத் தெரு வரை வந்துவிட்டது என்பதை அதை அணைக்கிறவர்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருப்பார்கள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓட வேண்டியவன் அதைக் கேட்கக் கூடாதா?

என்னைக் கேட்டால், பூட்டுக்கு நிஜமான காரணம் வேறு. துறை சொதப்பினால் அதை ஊரே கேட்டுவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கட்டடத்தை விட்டு வெளியேறச் சொன்ன கட்டளை பலருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைய வயர்லெஸ் பதிவுகளையும் உயிர் பிழைத்த வீரர்களின் வாக்குமூலங்களையும் தர மாட்டேன் என்றது நகர நிர்வாகம். ஒரு பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது. பலியானவர்களின் குடும்பங்கள் சிலவும் சேர்ந்துகொண்டன. 2005-ல்தான் அவற்றில் பெரும்பகுதி வெளியே வந்தது. பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ளப் பெற்றவர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது! அப்போது காற்றிலாவது பூட்டு இல்லை. இனி அதுவும் போய்விடும் போலிருக்கிறது.

'நமக்கென்ன இதில்?' என்கிறீர்களா? இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு முளைக்கவே முடியாது. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று வெள்ளைக்காரன் 1933-ல் சட்டம் போட்டான். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. கேட்கும் உரிமை என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்துவிட்டோம். அது இருந்த நாட்டில் இப்போது பறிபோகிறது. அவர்கள் இழப்பதைப் பார்த்தாவது அதன் விலை நமக்குப் புரிய வேண்டாமா?

தீயணைப்பு வண்டி பொதுமக்கள் பணம். வயர்லெஸ் பொதுமக்கள் பணம். எரிவது பொதுமக்கள் வீடு. அந்தப் பேச்சு மட்டும் எப்படி அரசாங்க ரகசியமாகும்? நோயாளியின் பெயரைப் பூட்டி வையுங்கள், தப்பில்லை. நெருப்பு எங்கே எரிகிறது என்பதைப் பூட்டாதீர்கள்.