600 கிலோமீட்டரும் முதல் 60 மீட்டரும்

ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்கு விடுமுறைக்கான எந்த விளம்பரக் கையேட்டை எடுத்தாலும், அதில் ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அத்தலத்தில் எத்தனை கிலோமீட்டர் நீளத்திற்குச் சறுக்குப் பாதைகள் உள்ளன என்பதே அந்த எண். முதன்முறையாகச் செல்லும் குடும்பத்தினர் பலரும் அதைப் பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வளவு செலவு செய்து செல்கிறோம், பெரிய இடத்திற்கே செல்வோமே என்பது இயல்பான எண்ணம்தான். ஆயினும், புதியவர்கள் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுவே என்பது என் கருத்து. பரப்பளவிற்குக் கொடுக்கும் பணத்தை ஆசிரியருக்கும் காப்பீட்டிற்கும் கொடுப்பதே அறிவுடைமை.

பெரிய தலம் என்பது ஒரே ஓர் ஊர் அன்று. பல பள்ளத்தாக்குகளில் உள்ள ஊர்களைக் கேபிள் கார்களாலும் நாற்காலி லிப்டுகளாலும் இணைத்த ஒரு வலைப்பின்னல். பிரான்சு நாட்டின் ‘த்ருவா வாலே’, அதாவது மூன்று பள்ளத்தாக்குகள், இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கூர்ஷவெல், மெரிபெல், லே மெனுயிர், வால் தொரான்ஸ் முதலிய ஊர்களை இணைக்கும் இத்தலத்தில் 600 கிலோமீட்டர் அளவிற்குச் சறுக்குப் பாதைகள் உள்ளன. ‘போர்ட் து சொலேய்’ பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய இரு நாடுகளில் பரந்து பன்னிரண்டு ஊர்களைத் தன்னுள் கொண்டது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் லிப்ட் ஏறி, மாட்டர்ஹார்ன் சிகரத்தின் மறுபுறம் இத்தாலியின் செர்வீனியாவிற்குச் சறுக்கிச் சென்று மதிய உணவு உண்டு திரும்பலாம். பழகியவர்களுக்கு இவை கிடைத்தற்கரிய இன்பங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் முதல் வாரம் செல்பவரின் அனுபவம் வேறு. முதல் நாள், கனத்த காலணியுடன் நடக்கப் பழகுவதிலேயே பாதிப் பொழுது கழியும். அடுத்து, ஐம்பது அறுபது மீட்டர் நீளமுள்ள மிதமான சரிவு ஒன்றில், சறுக்குப் பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்புறத்தை அகற்றி வைத்து வேகத்தைக் குறைக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாள்களில் திரும்பவும் நிற்கவும் பழகுவோம். வார இறுதியில் எளிய பாதைகள் சிலவற்றில் தன்னம்பிக்கையுடன் இறங்க முடிந்தால் அதுவே நல்ல தேர்ச்சி. அந்த வாரம் முழுவதும் நாம் பயன்படுத்தும் பாதைகளைக் கூட்டினாலும் சில கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது.

இந்நிலையில், த்ருவா வாலே முழுவதற்குமான ஆறு நாள் பாஸ் ஒருவருக்குச் சில நூறு யூரோ ஆகிறது. கணவன் மனைவி இருவருக்கு மட்டும் இதற்கே பெருந்தொகை செலவாகிவிடும். அதே ஊர்களில், ஒரு பள்ளத்தாக்கிற்கு மட்டுமோ, கற்போர் பகுதிக்கு மட்டுமோ குறைந்த விலையில் பாஸ் கிடைக்கிறது. பிரெஞ்சுத் தலங்கள் பலவற்றில் கற்போருக்கான சிறு லிப்டுகள் சில இலவசமாகவே இயங்குகின்றன. இதைப் பயண முகவர் தாமாக முன்வந்து சொல்லாமல் இருக்கலாம். நாமே கேட்டறிதல் வேண்டும்.

மிச்சப்படும் தொகையை நல்ல பயிற்சிக்குச் செலவிடுவதே பொருத்தமானது. ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனில் 1921-இல் ஹன்னஸ் ஷ்னைடர் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, மாணவர்களைத் தேர்ச்சிக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துப் படிப்படியாகக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். நூறாண்டுகள் கடந்தும் ஆல்ப்ஸ் முழுவதும் பயிற்சியின் அடிப்படை அதுவே. நண்பர் கற்றுத்தருவார், காணொளி பார்த்துக் கற்கலாம் என்னும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதைப் பதிவின்போதே குறிப்பிடுங்கள்.

பாதைகளின் நிறம் பற்றியும் ஒரு செய்தி. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு படிநிலைகள் உள்ளன. பச்சை மிக எளிது, கறுப்பு மிகக் கடினம். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளில் பொதுவாக நீலத்திலிருந்தே தொடங்குகிறது. எனவே, பிரான்சில் பச்சைப் பாதையில் பழகியவர் பிற நாட்டில் நீலத்தைக் கண்டு மிரள வேண்டியதுமில்லை; எல்லா நீலமும் ஒன்றே என்று கருதிவிடவும் கூடாது.

பெரிய தலத்திற்குச் செல்லவே கூடாதா எனச் சிலர் கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை. பெரிய தலங்கள் பலவற்றில் உயரமான ஊர்கள் உண்டு. உயரம் கூடக்கூடப் பனி நிலைப்பதற்கான வாய்ப்பும் கூடும். குளிர்காலங்கள் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இது சிறிய நன்மையன்று. போர்ட் து சொலேயில் மோர்சின் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் மேலுள்ள அவோரியாஸ் 1,800 மீட்டரில் உள்ளது. ஒரே தலத்திற்குள் இவ்வளவு வேறுபாடு! வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஆகவே பாதைகளின் நீளத்தைவிட, தங்கும் ஊரின் உயரமும், கற்போர் சரிவு அவ்வூரில் எங்கு உள்ளது என்பதுமே நமக்கு முக்கியம். விடுதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அச்சரிவு இருந்தால், குழந்தைகளுடன் செல்வோருக்குப் பாதித் துன்பம் நீங்கும்.

பரப்பிற்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. மாலையில் லிப்டுகள் குறித்த நேரத்தில் நின்றுவிடும். அடுத்த பள்ளத்தாக்கிற்குச் சென்றவர் கடைசி லிப்டைத் தவறவிட்டால், மலையைச் சுற்றிச் சாலை வழியாகவே திரும்ப வேண்டும். செர்வீனியாவிலிருந்து செர்மாட்டுக்கு அவ்வாறு திரும்புவது பல மணி நேரப் பயணம். வாடகைக் காருக்கான செலவு மறுநாள் மகிழ்ச்சியையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

இனி, நான் அனைத்திலும் முக்கியமாகக் கருதும் காப்பீட்டிற்கு வருகிறேன். ஷெங்கன் விசாவிற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதைப் பலரும் அறிவர். அதை வாங்கியதும் கடமை முடிந்தது எனக் கருதுவதே தவறு. விசாவிற்காக வாங்கப்படும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு ‘சாகச விளையாட்டு’ என விலக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் சென்று காலை முறித்துக்கொள்பவர், அயல்நாட்டு மருத்துவமனையில் தம் வாழ்நாள் சேமிப்பைக் கரைக்க நேரிடும். பனிச்சறுக்கில் பெரிதும் காயமுறுவது முழங்கால் மூட்டு. அதற்கு அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவைப்படக்கூடும்.

எனவே கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பனிச்சறுக்கிற்குப் பாதுகாப்பு உண்டா? மலையிலிருந்து மீட்டு இறக்கும் செலவும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா? குறியிடப்பட்ட பாதைக்கு வெளியே சென்றால் பாதுகாப்பு நீங்கிவிடுமா? நம்மால் பிறர் காயமுற்றால் இழப்பீடு யார் தருவது?

இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. பிரான்சில் 1985-ஆம் ஆண்டின் மலைச் சட்டம், பனிச்சறுக்கில் காயமுற்றோரை மீட்கும் செலவை அவர்களிடமிருந்தே பெற்றுக்கொள்ள ஊராட்சிகளுக்கு இடமளித்தது. இத்தாலியில் 2022 சனவரி முதல், பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடு இன்றிச் சறுக்குப் பாதையில் இறங்கவே கூடாது. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதிகளின்படி, பின்னால் வருபவரே முன்னே செல்பவருக்கு இடர் நேராதவாறு தம் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மோதல் நேர்ந்தால் பெரும்பாலும் மேலிருந்து வந்தவர்மீதே பொறுப்பு விழும் என்பது இதன் பொருள். லிப்ட் பாஸுடன் சேர்த்து நாள் கணக்கில் விற்கப்படும் சிறு காப்பீட்டையும் மறுக்காமல் வாங்கலாம். அதுவும் எதை உள்ளடக்குகிறது எனப் படித்த பின்னரே.

பாதைக்கு வெளியே செல்வது குறித்துத் தனியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரையான எண்களால் அறிவிக்கப்படுகிறது. 3 என்றால் பாதி அபாயம் என்று எண்ணுதல் பிழை. அது உயிரிழப்பு நேரக்கூடிய நிலையே. புதியவர்களுக்கு எந்த எண்ணாயினும் விடை ஒன்றே: குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

காலத் தேர்வும் செலவைத் தீர்மானிக்கிறது. பிரான்சு தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, பிப்ரவரித் தொடக்கம் முதல் மார்ச் தொடக்கம் வரை வெவ்வேறு வாரங்களில் குளிர்கால விடுமுறை அளிக்கிறது. அந்நான்கு வாரங்களிலும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களிலும் வாடகை உச்சத்தைத் தொடும். லிப்டுகளில் வரிசை நீளும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிந்தைய சனவரியும், மார்ச் நடுப்பகுதியும் சிக்கனமானவை. சனவரியில் குளிர் கடுமை. மார்ச்சில் வெயில் இதம். நம்மவர்க்கு மார்ச் ஏற்றது. பள்ளித் தேர்வுகள்தாம் தடை. அங்கு வாடகைக் குடியிருப்புகள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில் விடப்படுவது வழக்கமாதலால், விமானப் பயணச்சீட்டை அதற்கேற்ப எடுக்க வேண்டும். சமையலறையுள்ள குடியிருப்பு, சைவ உணவினருக்குப் பெருந்துணை.

ஷெங்கன் விசாவிற்குப் பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தல் வேண்டும். அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திற்கே விண்ணப்பம் செல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கன் நாடெனினும் அங்குச் செலாவணி பிராங்க், யூரோ அன்று.

பணத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் சில செய்திகளை மனத்தில் கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்த நாமே அனுமதியைச் செயல்படுத்தி, வரம்பும் குறிக்க வேண்டும். இதனை ஊரிலேயே செய்துவிடுங்கள். அங்குக் கடைகளில் ‘ரூபாயில் கட்டணம் எடுக்கட்டுமா?’ என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிட்டு, அந்நாட்டுச் செலாவணியையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் எடுத்தால் பெரும்பாலும் பாதகமான மாற்று விகிதமே கிட்டும். அந்நியச் செலாவணி அட்டையில் ஒரே நாளில் முழுத் தொகையையும் ஏற்றாமல் இரண்டு மூன்று தவணைகளில் ஏற்றினால், விகித ஏற்ற இறக்கத்தின் தாக்கம் குறையும். சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது மூலத்தில் வசூலிக்கப்படும் வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அத்தொகை நம் கையில் இராது. திட்டத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்பயணத்திற்குக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. விடுமுறை ஒரு வாரத்தில் முடியும்; தவணை ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒன்றரை ஆண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். அது முதிர்வதற்குள், இன்னொரு பயனுள்ள செயலையும் செய்துவிடலாம்.

அது யாதெனில், முதல் பாடத்தை நம் நாட்டிலேயே கற்பது. காஷ்மீரின் குல்மார்கில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் உள்ளது. உத்தராகண்டின் ஔலியிலும் குளிர்காலப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. சில நாள்கள் அங்குப் பழகினால், இவ்விளையாட்டு நமக்கு உகந்ததா, முழங்கால் ஒத்துழைக்கிறதா, குழந்தைகள் விரும்புகிறார்களா என்பன தெளிவாகும். குல்மார்கின் கோண்டோலா ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம்வரை செல்கிறது. ஆனால் அம்மேற்சரிவுகள் தேர்ந்தோருக்கே உரியவை. புதியவர்கள் கீழுள்ள மென்சரிவிலேயே பயிலலாம். பிடிக்கவில்லையெனில் இழப்பு சிறிது. பிடித்துவிட்டால், ஆல்ப்சில் முதல் நாளன்றே பிறர் மூன்றாம் நாளில் அடையும் நிலையில் இருப்போம். அப்போதுதான் பெரிய தலத்தின் பரப்பு நமக்குப் பயன்படத் தொடங்கும்.

பனியைக் காண வேண்டும் என்பது மட்டுமே விருப்பமாயின், சறுக்கு விடுமுறையே தேவையில்லை. 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக்கிற்கு 1912 முதலே இரயில் செல்கிறது. முதியோரும் எளிதில் சென்று பனியைத் தொட்டு வரலாம். பனி காண்பது வேறு, பனியில் சறுக்குவது வேறு. இரண்டில் எது நம் விருப்பம் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்த பின்னரே முன்பணம் கட்டுவது நலம்.

முறையான வரிசை இதுவே: முதலில் விருப்பத்தை உறுதி செய்தல், பின் காப்பீடு, பின் ஆசிரியர், பின் ஊர், கடைசியாகப் பாஸ். முகவர்களின் கையேடுகள் இவ்வரிசையைத் தலைகீழாகக் காட்டும். 600 கிலோமீட்டர் எங்கும் போய்விடாது. அடுத்த முறையும் அங்கேயே இருக்கும். முதல் 60 மீட்டரைப் பாதுகாப்பாகக் கடந்தவரே அதனை அடைவர்.