அபராதம் கட்டினால் குற்றம் தீருமா?

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை மிளகு விவசாயி எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் தண்டனை அனுபவித்தவர் அவர்தான். கடத்தியவர்கள் தப்பினார்கள். காவல் காக்க வேண்டியவர்கள் வழிவிட்டார்கள்.

2017இல் மறு ஏற்றுமதி என்ற பெயரில் வியட்நாம் மிளகு கொழும்பில் வந்து இறங்கியது. இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1998இல் கையெழுத்தான இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நமது விளைச்சலுக்குத் தந்த தீர்வைச் சலுகையைக் கள்ளச் சரக்கு தின்றது. 2017 டிசம்பரிலேயே இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது.

அடி விழுந்தது இங்கே. ஏணி சாத்திப் பறித்து, முற்றத்துப் படங்கில் காயவைத்து, மாத்தளைக்குச் சுமந்துபோன மிளகை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். மறு ஏற்றுமதிக்கான இறக்குமதிக்குத் தடை வந்தது 2019 டிசம்பரில். அதுவரை உறங்கியது யார்? சான்றிதழில் கையெழுத்திட்டது யார்? சிறைக்குப் போனது யார்? அரசாங்கம் பெயர் சொல்லட்டும்.

மிளகோடு கதை முடியவில்லை. 2023 மே மாதம் அன்றைய புத்தளம் மாவட்ட பாராளுமன்ற உறுப்பினர் அலி சப்ரி ரஹீம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டார். அவரது பயணப்பொதிகளில் இருந்தவை மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும். பெறுமதி ஏழு கோடி ரூபாவுக்கு மேல். அபராதம் 75 இலட்சம் ரூபா. கட்டினார். வெளியே வந்தார். பாராளுமன்றத்துக்கும் போனார். மும்மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தும் பத்தில் ஒரு பங்கோடு விவகாரம் முடிந்தது.

2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் கட்டாயப் பரிசோதனையின்றிக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியேறின. நெரிசல் என்றார்கள். நெரிசல் ஒரு காரணமல்ல. பரிசோதிப்பது கடமை. கடமை தவறியவர் பதில் சொல்ல வேண்டும்.

சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. சுங்க அதிகாரிகளே விசாரிக்கிறார்கள். அவர்களே அபராதம் விதிக்கிறார்கள். அந்த அபராதத்தில் ஒரு பங்கு வெகுமதியாக அதிகாரிகளிடமே சேர்கிறது. பணம் கைமாறியதும் கோப்பு மூடப்படுகிறது. பெருங்கடத்தல்காரனுக்கு அபராதம் வியாபாரச் செலவு. அவன் அஞ்சுவது சிறைக்கு மட்டுமே.

சிறைத்தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யலாம். அது சட்டம் தந்த உரிமை. அந்த உரிமையில் நாம் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு முன் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு முன் வழக்கு வேண்டும். வழக்கே இல்லாத நாட்டில் நீதி எங்கிருந்து வரும்?

நிதி அமைச்சு சுங்கச் சட்டத்தை உடனே திருத்த வேண்டும். பாரிய சரக்குக் கடத்தல் ஒவ்வொன்றும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். கடத்தியவரோடு கதவு திறந்துவிட்ட அதிகாரியும் கூண்டில் ஏற வேண்டும். மிளகு மோசடியின் கோப்புகள் மீண்டும் திறக்கப்பட வேண்டும். 323 கொள்கலன்களை விடுவித்தவர்கள்மீது வழக்குத் தொடர வேண்டும். குழுக்கள் போதும். அறிக்கைகள் போதும். இனி வழக்குத் தொடருங்கள்.