தகப்பனை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள்
மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களில் ஒரு பையனிடம் கேட்கும் முதல் கேள்வி, “நீ யாரு மகன்ப்பா?” தகப்பன் குடிகாரன் என்றால் அந்தக் கேள்வியே தண்டனை. பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவதை வெள்ளையர் அரசு சட்டமாகவே செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தையே சந்தேகப் பட்டியலில் வைத்தது. அந்தச் சட்டம் கட்டாயமாக்கிய கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களில் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்த அந்தச் சட்டம் சொன்னது பொய் என்று, அந்தச் சமூகத்துக்கென அமைந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் உயர்ந்தவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். நேர்மையும் தெய்வ நம்பிக்கையும் பரம்பரைச் சொத்தல்ல. வீட்டில் கிடைக்காவிட்டாலும் பிள்ளை தானே அடையலாம். அதற்கு அவனை நம்பும் ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவராக நீங்கள் இருங்கள்.